அந்த ஜெர்மன் அம்மா பேசிய மொழி

அது 1991-ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். லண்டனின் தெற்கே சட்டனில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். கணவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தோம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரன் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் என் பேரில் ஒரு சின்னக் குறைகூட வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து வேலை செய்தேன்.

எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஊரில் அரசாங்க அலுவலகத்தில் நாலு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். அந்த இல்லத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும், யார் எப்படி இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தடித்த கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். மற்றவர்கள் அவசரத்தில் இரண்டு வரி கிறுக்கிவிட்டுப் போவார்கள். நான் நின்று நிதானமாக, கோடு பிசகாமல் எழுதுவேன். ஒருநாள் மேட்ரன் எல்லோர் முன்னாலும் என் பக்கத்தைத் திறந்து காட்டி, "ரிப்போர்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார். அன்று பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடுவரை நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மேல்மாடியில் கடைசி அறையில் ஒரு அம்மா இருந்தார். எழுபது வயது தாண்டியவர். முந்தின நவம்பரில் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் மாறிப்போனது. நாற்பது வருடத்துக்கும் மேலாக லண்டனில் வாழ்ந்து, ஒரு ஆங்கிலேய பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்து, நன்றாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது இங்கிலீஷில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பூர்வீகம் ஜெர்மனி, போர் முடிந்தபிறகு வந்தவர் என்று அவருடைய மகள் சொல்லியிருந்தார். எங்களுக்கு அவர் "ஜெர்மன் அம்மா". சாப்பாட்டு அறையில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தார். அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தால் போதும், தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டுவார்.

என்னுடைய காலை வேலைகளில் ஒன்று, எல்லா அறைகளின் ஜன்னல்களையும் அரை மணி நேரம் திறந்துவைப்பது. காற்று மாறவேண்டும், அது அந்த இல்லத்தின் சட்டம். மற்ற அறைகளில் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த அம்மாவின் அறையில் மட்டும், நான் ஜன்னல் பக்கம் போனாலே கத்தத் தொடங்கிவிடுவார். "சீமா! சீமா!" என்பார். அதற்குப் பிறகு என்னென்னவோ சொல்வார். யாரோ சீமா என்ற பெண்ணைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நான் போர்வையை விலக்கி அவரைக் கழுவிவிடக் குனிந்தால், இடது கையால் என் கையைத் தட்டிவிடுவார்.

ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீறிவிட்டார். இரத்தம் வந்தது.

கீறலைவிட மனம்தான் வலித்தது. என் நிறத்தைக் கண்டுதான் இந்த வெறுப்பு என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அன்று கொப்பியில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார். அர்த்தமில்லாமல் உளறுகிறார். மனக்குழப்பம் அதிகமாகிறது." அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அதையே வேறு வேறு சொற்களில் எழுதினேன்.

வீட்டில் சொல்லி அழுதேன். என் கணவர் 84-இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். கிழக்கு பெர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, இரண்டு வருடம் அகதி முகாமில் இருந்துவிட்டுத்தான் லண்டன் வந்தார். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்:

"இஞ்ச பாரும், ஜேர்மன்காரர் எல்லாரும் அப்பிடியில்லை. நான் முகாமில காய்ச்சலாக் கிடக்கேக்க சூப் காய்ச்சிக்கொண்டு வந்ததும் ஒரு ஜேர்மன் மனுசிதான். இவ வருத்தக்காரி. மனசில வைச்சிருக்காதையும்."

நான் மனசில்தான் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவேன்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் வழக்கம்போலத் தாயைப் பார்க்க வந்திருந்தார். நாற்பது வயதுக்குப் பக்கமாக இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர், அமைதியானவர். திரும்பிப் போகும்போது நடைபாதையில் என்னை நிறுத்தினார். கண்கள் சிவந்திருந்தன. வரும் வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் வந்து தாயைப் பரிசோதிக்கப் போகிறாராம். அவர் சரி என்றால், லண்டனுக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்களாம். பூட்டிய வார்டு. இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும், வாராவாரம் போக முடியாது.

"அம்மா உண்மையாகவே உங்களைத் தாக்கினாரா?" என்று கேட்டார்.

நான் சட்டைக் கையைச் சுருட்டி, ஆறிப்போன கீறலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசும் இடம் அது.

புதன்கிழமை காலை. நான் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தேன். வெளியே உறைபனி. "சீமா, சீமா" என்று அந்த அம்மா தொடங்கினார். அப்போது அறையைத் துடைக்க வந்த பெண் வாசலில் நின்றாள். போலந்து நாட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும். அவள் வழக்கமாகக் கீழ்மாடியில்தான் வேலை செய்வாள். அன்று மேல்மாடிக்காரி லீவு போட்டதால் மாறி வந்திருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, விறுவிறு என்று வந்து என் கைக்கு மேலாக எட்டி ஜன்னலை அடித்துச் சாத்தினாள்.

"குளிருது என்கிறாள், உனக்குக் கேட்கவில்லையா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. போலந்து மொழியில் குளிருக்கு 'ஜிம்னோ' என்பார்களாம். அந்த அம்மா சொன்னது சீமா இல்லை, 'ஜிமா'. அதைத்தான் நான் ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருக்கிறேன். அவள் கட்டிலைச் சுற்றிப்போய், தலைமாட்டில் சுவரோடு இருந்த ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

இரும்பு ஐஸ்போல இருந்தது. அந்த ஹீட்டர் எத்தனை நாளாக வேலை செய்யவில்லையோ, யாருக்குத் தெரியும்!

போர்வைக்குள் கைவிட்டு அந்த அம்மாவின் பாதங்களைத் தொட்டேன். இரண்டும் சில்லிட்டுப்போயிருந்தன. ஆறு வாரமாக ஒவ்வொரு காலையிலும், குளிரில் கிடக்கும் ஒரு கிழவியின் ஜன்னலைத் திறந்து, போர்வையையும் விலக்கியிருக்கிறேன். அவர் குளிருது, குளிருது என்று கெஞ்சியிருக்கிறார். நான் அதை உளறல் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

கட்டிலோரம் அப்படியே உட்கார்ந்து, அந்தப் பாதங்களை என் இரண்டு கைகளாலும் தேய்த்துவிட்டேன். அவர் என்னைத் தட்டிவிடவில்லை. கண்களை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அப்படியென்றால் இவர் போலந்துக்காரியா?" என்று கேட்டேன். துடைக்க வந்தவள் கட்டிலருகே குனிந்து தன் மொழியில் ஏதோ கேட்டாள். அந்த அம்மாவின் கண்கள் அகலமாகத் திறந்தன. கடகடவென்று பேசினார். இவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"எங்கள் மொழி மாதிரிதான். ஆனால் எங்கள் மொழி இல்லை," என்றாள். "பாதி விளங்குது, பாதி விளங்கவில்லை."

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முந்தின வருடம் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளியும்போது வலியில் நான் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. தமிழில்தான் அரற்றினேன். ஃபைலில் 'ஸ்ரீலங்கா' என்று இருந்ததைப் பார்த்து, எங்கள் நாட்டவர் என்று இன்னொரு வார்டிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் நல்ல மனிதர். குனிந்து அன்பாக, சிங்களத்தில் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்காக ஒருவரைத் தேடிக் கொண்டுவந்த பிறகும் விளங்கவில்லையே என்று அழுதேன். அவருக்குத்தான் புரிந்தது. நர்ஸிடம் திரும்பி, இந்தப் பெண் தமிழ், அது வேறு மொழி என்று சொன்னார்.

அப்படிச் சொல்ல இந்த அம்மாவுக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அன்று மத்தியானம் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போகக் கணவர் வந்தார். உள்ளே வாருங்கள் என்று மேலே அழைத்துப்போனேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் மரியாதையாக வணக்கம் சொல்லி, சுகம் விசாரித்தார். அந்த அம்மா அவரையே பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"இது ஜேர்மன் இல்லை," என்றார் கணவர். "ரெண்டு வருசம் காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் கேட்ட பாஷை எனக்குத் தெரியாதோ? ஒரு சொல்லும் பிடிபடேல்லை."

"அப்ப இது என்ன பாஷை?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா இவ உளறேல்லை. வடிவாக் கேட்டுப்பாரும். ஒழுங்கா வசனம் வசனமாத்தான் கதைக்கிறா."

அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையால் பக்கத்து மேசையின் இழுப்பறையைக் காட்டினார். திறந்தேன். கைக்குட்டைகளுக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு பழைய ஜெபப் புத்தகம். முதல் பக்கத்தைத் திறந்து, மையால் எழுதிய ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே 'குலோவ்' என்று ஒரு சொல். விரலை அந்தச் சொல்லிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். மறுபடியும் அந்தச் சொல்லில் வைத்தார்.

இதைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கையால் சைகை காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை எனக்கு லீவு. லைப்ரரி திறக்கும்போதே போய் நின்றேன். அங்கே வேலை செய்த மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வரைபடப் புத்தகத்தில் குலோவ் என்று ஒரு ஊர் இல்லை. போலந்தில் தேடினார், செக்கில் தேடினார். இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து இன்னும் மூன்று தடித்த புத்தகங்களைத் தூக்கிவந்தார். ஜெபப் புத்தகம் அச்சான நகரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தேடினார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும், "இதோ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, லைப்ரரியில் கத்திவிட்டோமே என்று தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

கிழக்கு ஜெர்மனியில், போலந்து எல்லைக்கும் செக் எல்லைக்கும் அதிக தூரமில்லாத ஒரு சின்ன ஊர். ஜெர்மன் மொழியில் அதற்கு விட்டிஷெனாவ் என்று பெயர். அந்த மண்ணின் பழைய மக்கள் அதைக் குலோவ் என்கிறார்கள். சோர்பியர்கள் என்று ஒரு சின்ன இனம், போலந்து மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசுபவர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். தங்களுக்கென்று நாடு இருந்ததில்லை. சுற்றிலும் ஜெர்மன். ஹிட்லர் காலத்தில் அவர்களுடைய மொழியைத் தடைசெய்து, ஊர்ப் பெயர்களைக்கூட மாற்றினார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் எழும்பாமல் இருந்தேன். அந்த மனிதர் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்து டெலிபோன் பெட்டியிலிருந்து மகளைக் கூப்பிட்டேன்.

"விட்டிஷெனாவ் தெரியும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது," என்றார் மகள். மற்றதெல்லாம் அவருக்குப் புதிது. வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசியதால், தாய் இப்போது பேசுவது ஜெர்மன் இல்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அம்மா எங்களிடம் ஜெர்மன் என்றுதான் சொன்னார்," என்றார். குழந்தை பேசுவதுபோல இருந்தது குரல்.

அடுத்ததாக நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. கொப்பியில் எழுதியது நான். அதை வைத்துத்தான் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தவறு என்று சொன்னால் வேலை போகலாம். கணவரிடம் கேட்டேன்.

"வேலை வேற எடுக்கலாம்," என்றார். "அந்த மனுசி பூட்டின வார்டுக்குப் போனா, உமக்கு ஒழுங்கா நித்திரை வருமோ?"

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மேட்ரனின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், ஹீட்டர், 'ஜிமா', நான் எழுதிய வரிகள், எல்லாம். அவர் எழுந்து மேல்மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஹீட்டரில் கையை வைத்தார். எடுத்தார். கீழே வந்து அந்தக் கொப்பியை என் முன்னால் தள்ளினார்.

"எனக்குச் சொன்னதை இதில் எழுது," என்றார். அவ்வளவுதான்.

எழுதினேன். அன்று என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மகளும் வந்திருந்தார். மேட்ரன் அவரிடம் கொப்பியைக் கொடுத்து, முதலில் இன்றைய பக்கத்தைப் படியுங்கள் என்றார். டாக்டர் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு, அந்த மொழியில் கேள்வி கேட்க யாராவது இருக்கிறார்களா என்றார். துடைக்கிற பெண்ணைக் கூப்பிட்டோம். ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். டாக்டர் இங்கிலீஷில் கேட்க, அவள் தன் மொழியில் மெதுமெதுவாக, எளிய சொற்களாகப் பார்த்துக் கேட்டாள்.

உங்கள் பெயர் என்ன? சொன்னார். பிறந்த ஊர்? குலோவ். இது எந்தக் காலம்? ஜன்னலைக் காட்டி 'ஜிமா' என்றார். குளிர்காலத்துக்கும் அதே சொல்தானாம். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் என்ன வேலை செய்தார்? இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார்.

எத்தனை பிள்ளைகள்?

அந்த அம்மா இரண்டு விரல்களைக் காட்டினார்.

மகள் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் ஒருத்திதான்," என்றார். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். துடைக்கிற பெண் விடவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டாள். அந்த அம்மா மறுபடியும் இரண்டு விரல்களை நீட்டி, ஒரு விரலை மகள் பக்கம் காட்டினார். மற்ற விரலைத் தரையை நோக்கித் தாழ்த்திவிட்டு, தன் ஒற்றைக் கையைத் தொட்டில்போல வளைத்துக் காட்டினார்.

மகள் கட்டிலை நெருங்கி வந்தார். தனக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது என்று தகப்பன் சாகும் முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாராம். தாய் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லையாம். "அவர் சொல்வது சரி," என்றார். "இரண்டுதான்." கட்டிலருகே முழங்காலிட்டு, தாயின் அந்த வளைந்த கைக்குள் தலையை வைத்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குப் பின்னால் படித்த மொழிகள் மறைந்து, முதலில் பேசிய மொழி மட்டும் மிஞ்சலாம் என்று விளக்கினார். இந்த அம்மாவுக்கு ஜெர்மன்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டாவது மொழிதானே. மனக்குழப்பம் ஒன்றும் இல்லை, இவரை எங்கும் மாற்ற வேண்டியதில்லை, ஹீட்டரைத் திருத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வேலையும் போகவில்லை. ஏன் என்று மேட்ரன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, துடைக்கிற பெண்ணிடம் கேட்டுப் படித்துக்கொண்டுபோய், "ஜென் டோப்ரி" என்று அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "டோப்ரி ஜென்" என்று திருத்தினார். போலந்துக்காரர் சொல்வதைச் சோர்பியர்கள் முன்பின்னாக மாற்றிச் சொல்வார்களாம். அதற்குப் பிறகு தினமும் நான் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வேன், அவர் திருத்துவார்.

போர் முடிந்த லண்டனில் ஜெர்மன்காரி என்று சொல்லிக்கொண்டு வாழ்வதே அவருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கும். அதற்குமேல், ஒருவரும் கேள்விப்படாத இன்னொன்றை யாரிடம் போய் விளக்குவது என்று விட்டுவிட்டார் போலும். எனக்கு அது நன்றாக விளங்கியது. நானே எத்தனையோ இடங்களில் விளக்கச் சலித்துப்போய் 'ஸ்ரீலங்கா' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் கணவர் அந்த மகளுக்காக ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினார், குலோவ் ஊர்ப் பாதிரியாருக்கு. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினார். "பிழை இருக்கும், ஆனா விளங்கும்," என்று சொல்லித் தபாலில் போட்டார். மார்ச் மாதம் ஒரு சின்னப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு கேசட். அந்த அம்மாவின் தங்கை உயிரோடு இருந்தார்! அதே ஊரில், அதே வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்தார். நானும் துடைக்கிற பெண்ணும் பக்கத்தில் இருந்தோம். ஒரு கிழவியின் குரல், கொஞ்சம் நடுங்கியபடி, அக்காவின் பெயரைச் சொன்னது. அந்த அம்மாவின் வாய் கோணி, கண்ணீர் காதுவரை வழிந்தது. அந்தத் தங்கைக்குக் கேசட்டில் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை போலும். டெலிபோனில் பேசுவதுபோலவே பேசியிருந்தார். ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார். கேசட் வெறுமனே இரைந்துகொண்டு ஓடும். பிறகு அடுத்த கேள்வி.

அந்த இடைவெளிகளில் எல்லாம் இந்த அம்மா பதில் சொன்னார்.

எங்களுக்குத் துடைக்கிற பெண் விளங்கிய மட்டும் மெதுவாகச் சொன்னாள். பெர்லினில் சுவர் எழுப்பிய வருடத்தோடு கடிதங்கள் நின்றுவிட்டன. நான் எழுதியவை உனக்குக் கிடைத்தனவா? "இல்லை, இல்லை," என்றார் அக்கா. மறுபடியும் தங்கையின் குரல்: நான் உன்மேல் கோபப்பட்டிருந்தேன், நீ எங்களை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீயும் என்மேல் கோபமாக இருந்தாயா?

கேசட் நெடுநேரம் இரைந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா பேசவில்லை. டேப் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து, குரல் வருகிற இடத்தை இடது கையால் தடவிக்கொடுத்தார். திரும்பத் திரும்பத் தடவினார். எங்கள் மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவர் குரலைப் பதிந்து நாங்களும் ஒரு கேசட் அனுப்பினோம். ஜூன் மாதம் தங்கையே வந்துவிட்டார். ஊர்க்காரப் பெண் ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸிலும் கப்பலிலுமாக ஒன்றரை நாள் பயணம். குள்ளமான மனுஷி, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். பையிலிருந்து ஒரு சோடாப் போத்தல் நிறைய ஆளிவிதை எண்ணெயை எடுத்தார். சமையலறைக்கு நேரே போய், அவித்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் சைகையால் கேட்டு வாங்கி, அந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்துக் கொண்டுவந்தார். எங்களிடம் நாலு கரண்டிக்குமேல் சாப்பிடாத அந்த அம்மா, இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஐந்து நாள் அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். இடையில் சண்டையும் போட்டார்கள். ஒரு சொல்லும் புரியாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. போகும் நாளில் தங்கை என் இரண்டு கன்னங்களையும் பிடித்து ஏதோ சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் அந்த அம்மா தூக்கத்தில் இறந்துபோனார். மகள் அதன்பிறகு வருடத்துக்கு ஒரு தடவை குலோவுக்குப் போய்வருகிறார். அந்த மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கவும் தொடங்கினார். சித்தி தன் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பதாக எனக்கு எழுதியிருந்தார்.

நான் அந்த வேலையில் இன்னும் பல வருடம் இருந்தேன். எத்தனையோ பேரைக் கழுவி, ஊட்டி, வழியனுப்பியிருக்கிறேன். புரியாத எதையாவது யாராவது திரும்பத் திரும்பச் சொல்லும்போது, இவருக்கு ஏதோ வேண்டும், அது என்னவென்று நான்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே முதலில் என் மனம் சொல்கிறது. அப்படி நினைக்கப் பழகிய பிறகு, அதற்கு முன்னால் நான் யாரையெல்லாம் கேட்காமல் கடந்து வந்தேனோ என்ற துக்கமும் கூடவே இருக்கிறது.